இதர வருமானத்தில் ஒரு வீடு

வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவனுக்கு ஊரில் மரியாதை வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான். மீதி மாதங்களில் அவன் கெட்ட சேதி சொல்கிறவன். சங்கரன்கோவிலில் என்னை எல்லோரும் ‘ஆடிட்டர்’ என்பார்கள். நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு ஒரு நிஜ ஆடிட்டரிடம் சில வருடம் குப்பை கொட்டி, பிறகு பத்திர ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு கடை அறையைப் பிடித்து உட்கார்ந்தவன். ‘நான் ஆடிட்டர் இல்லைங்க’ என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

ஜூலை கடைசியில் எங்கள் ஊரே அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் திரளும்போது நான் மட்டும் கடைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் தனியாகத் தபசு இருப்பேன். அம்மனுக்காவது கடைசியில் காட்சி கிடைக்கும். எனக்கு ‘சர்வர் பிஸி’ என்று வரும்.

வீட்டுக் கடன் வாங்கி, அதைக் காட்டி வரியில் சலுகை வாங்கி, பிறகு அந்த வீட்டில் இருக்கக் கொடுத்துவைக்காமல் வெளியே வந்து, வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்டியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். நானும் உங்கள் கூட்டம்தான். மற்றவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். கடனில் அசலாகக் கட்டுகிற தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அரசாங்கம் விடும். ஆனால் ஐந்து வருடத்துக்குள் வீட்டை விற்றுவிட்டால், அதுவரை கழித்ததையெல்லாம் கூட்டி, விற்ற வருடத்து வருமானத்தோடு சேர்த்து, அதற்கு வரி கட்ட வேண்டும். இவ்வளவுதான் விதி. இதைச் சொன்னதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

பால் காய்ச்சிய கணக்கு

அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். வரும்போதே முகத்தில் ஜெயித்த களை. ஐந்து வருட விதியை எங்கேயோ கேள்விப்பட்டு, அதுவரை பொறுத்திருந்துதான் வீட்டை விற்றிருக்கிறார். “ஆவணியில பால் காய்ச்சினோம். அஞ்சு வருசம் முடிஞ்சு, மேல ரெண்டு மாசமும் இருந்து, ஐப்பசியிலதான் வித்தேன். எவனும் ஒண்ணும் கேக்க முடியாது சார்” என்றார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டேன். இந்த மாதிரி நேரங்களில் நான் முதலில் தண்ணீர் குடிப்பது வழக்கம்.

வருமான வரி இலாகாவுக்குப் பால் தெரியாது, மார்ச் மாதம்தான் தெரியும். சாவி கைக்கு வந்த வருடம் எந்த மார்ச்சில் முடிகிறதோ, அங்கிருந்துதான் அவர்கள் ஐந்து வருடத்தை எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் அவர் அடுத்த மார்ச் வரை பொறுத்திருக்க வேண்டும். பதமாகத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். நடு வீட்டில் செங்கல் அடுப்பு. அவர் மனைவி குனிந்து ஊதுகிறார். பால் பானையின் கழுத்தைத் தாண்டிப் பொங்கி நிற்கிறது. படத்தின் ஓரத்தில் தேதிகூட இருந்தது. எனக்குக் காட்ட எடுத்தவர், என்னை மறந்துவிட்டு அதையே விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தென்காசியில் மகன் வீட்டில் இருக்கிறார்களாம். போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ அந்த ஆவணியிலேருந்து பங்குனி வரைக்கும் நாங்க யாரு வீட்டுல சார் இருந்தோம்?”

சீனி கூடிப்போன காப்பி

அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா ஒருவர். கோவில்பட்டிக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டார். இங்கே புளியங்குடி சாலையில் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். ‘வீட்டை விட்டு வெளியே போனாலே வாங்கின சலுகையெல்லாம் திருப்பிக் கட்டணும்’ என்று கூட வேலை பார்க்கிற யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கடன் காகிதம் முழுவதையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றார். “விற்றால்தான் கட்ட வேண்டும், வாடகைக்கு விட்டால் வாடகையைக் காட்டினால் போதும்” என்றேன். நல்ல சேதி சொல்லும் வாய்ப்பு எனக்கு அபூர்வம். நானே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

சேதி கேட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலையில் வாடகை வாங்க அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று இவர் கை தன்பாட்டுக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டிருக்கிறது. குடியிருக்கிற பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாளாம். உடனே கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். சாமி படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது ஒரு ஸ்கூல் பை தொங்குகிறதாம். நல்ல மனிதர்கள், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்: “குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல சார். காப்பியில சீனிதான் கொஞ்சம் கூட. அதை எப்படிச் சொல்ல முடியும், அது அவங்க வீடுல்லா இப்போ?”

புது முறை

வரிக்கு இப்போது பழைய முறை, புது முறை என்று இரண்டு உண்டு. புது முறையில் வீட்டுக் கடன் அசலைக் கழிக்க முடியாது. இதை வைத்து ஒரு வாத்தியார் பெரிய திட்டம் போட்டார். கழித்ததெல்லாம் பழைய முறையில். அதனால் புது முறைக்கு மாறிவிட்டு வீட்டை விற்றால், திருப்பிக் கட்ட வேண்டிய பேச்சே எழாது என்பது அவர் வாதம். அப்படியெல்லாம் விட மாட்டார்கள், எந்த முறையில் இருந்தாலும் பழைய பாக்கி கூடவே வரும் என்றேன். ஒரு பிரம்பு மட்டும் கையில் இருந்திருந்தால் என்னை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். ஐந்து நிமிடம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கேட்டார்: “எல்லாம் கூடவே வருதுன்னா, அப்போ இதுல எது சார் புதுசு?”

கோமதியின் சந்தேகம்

எனக்கும் ஒரு வீடு இருந்தது. ராஜபாளையம் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் போட்ட புது நகரில், இரண்டு படுக்கையறை வீடு. ஒரு வைகாசியில் பால் காய்ச்சிக் குடி போனோம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை தெரியும். மழை வருமா வராதா என்று என் மனைவி கோமதி அங்கே நின்றே சொல்லிவிடுவாள். துணி காயப்போடலாமா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கேட்டுக்கொண்டுதான் போடுவார்கள். சாயங்காலம் சென்னை ரயில் கூவிக்கொண்டு போனதும் விளக்கேற்றுவாள். அதற்கு முன்னால் ஏற்ற மாட்டாள். ரயில் தாமதமானால் எங்கள் வீட்டில் விளக்கும் தாமதம். அந்த வீட்டில் அவளுக்கு இப்படி நூறு சட்டம் உண்டு. நான் வரிச் சட்டத்துக்கு அடங்குவதைவிட அவற்றுக்கு அதிகமாக அடங்கியிருந்தேன், சந்தோஷமாகவே.

அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரிட்டர்னைப் போனிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஜனங்கள் கண்டுபிடித்தார்கள். எனக்கு நிலையாக வேலை கொடுத்துவந்த இரண்டு ஜவுளிக்கடைகள் கணக்கை ராஜபாளையத்துக்கு மாற்றிக்கொண்டன. மகளைக் கோவையில் கல்லூரியில் சேர்த்தோம். கடன் தவணை மட்டும் மாதம் பிறந்தால் டாண் என்று வந்து நின்றது. வீட்டை வாடகைக்கு விட்டாலும் தவணையில் பாதி தேறாது. விற்றுவிட்டுச் சின்னதாக வாடகை வீடு பார்ப்பது என்று முடிவு செய்து, ஒரு மார்கழிக் காலையில் கோமதியிடம் சொன்னேன். வாசலில் கோலம் போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். அழவில்லை. கோலப்பொடிக் கையைக் கழுவிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து என் தொழிலைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் ரிட்டர்ன் போட வருகிற என் கட்சிக்காரர்களிடம் நான் போனில் கத்துவதை அத்தனை வருடமும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, ஒரு ஆபீசர் மாதிரி நிதானமாகக் கேட்டாள்: “பால் காய்ச்சுன கணக்கு செல்லாது, மார்ச்சு கணக்குதான்னு ஊருக்கெல்லாம் சொல்லுதீயளே. நாம வைகாசியிலல்லா வந்தோம்? அப்போ வார பங்குனி முடியுற வரைக்கும் நாம விக்கக் கூடாதுல்லா?”

தையா, சித்திரையா

அவள் கணக்கு சரி. ஊர்க் கணக்கில் எங்களுக்கு ஐந்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. இலாகா கணக்கில் மார்ச் முடிய வேண்டும். ஆனால் வீடு பார்க்க வந்தவர் தை மாதத்திலேயே பத்திரம் முடிக்க வேண்டும் என்று நின்றார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சி. கண்ணியமான மனிதர். விலையில் எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை, தேதியில்தான். மாசியிலும் பங்குனியிலும் அவர்கள் வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். தையை விட்டால் சித்திரை. நான் சித்திரை என்றேன்.

உள்ளதைச் சொன்னால், திருப்பிக் கட்ட வேண்டிய வரி அப்படியொன்றும் மலையில்லை. ஒரு நல்ல பிரிட்ஜ் வாங்குகிற பணம். கோமதிக்கு அந்த வீட்டில் இன்னும் மூன்று மாதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் ஆசைதான். ‘என் பெண்டாட்டிக்கு இந்த வீட்டை விட்டு வர மனசில்லை’ என்று வீடு வாங்க வந்த ஒரு மண்டிக்காரரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் சட்டத்தைச் சொன்னேன். பிரிவு, உட்பிரிவு, நிதியாண்டு என்று ஒரு கட்சிக்காரருக்கும் சொல்லாத விஸ்தாரத்தோடு சொன்னேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கோமதியின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

அண்ணாச்சி முழுவதையும் கேட்டார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். மருமகள் மாசமாக இருக்கிறாள். சித்திரை என்றால் ஏழாம் மாதம் வந்துவிடும். ஏழு பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அது சொந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று அவர் மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறார். இத்தனை காலமும் மண்டிக்குப் பின்னாலேயே, மூட்டை வாசனையிலேயே குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். அவர் சொன்ன விதத்தில் எனக்கே, ‘சரி, தையிலேயே வாருங்கள்’ என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வரிதானே அண்ணாச்சி தடை? அதை நானே கட்டிருதேன், நீங்க ஒரு ரூவா போட வேண்டாம். வேற ஏதும் தடை இருக்கா, சொல்லுங்க?”

மாவடை மரவடை

வேறு தடை இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. கோமதியும் வெளியே வந்து சொல்லவில்லை. எல்லோருக்கும் காப்பி மட்டும் கொண்டுவந்து வைத்தாள். தையிலேயே பத்திரம் என்று ஆயிற்று.

பத்திரம் எழுதியவர் என் பக்கத்துக் கடைக்காரர் சங்கரலிங்கம். எனக்கு நெடுநாள் சிநேகிதர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாலும், கையெழுத்துக்கு முன்னால் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து முழுப் பத்திரத்தையும் உரக்கப் படித்துக் காட்டாமல் விட மாட்டார். நாலு எல்லையையும் படித்தார். கோமதி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “கிழக்கே தெரு” என்றபோது லேசாகத் தலையாட்டினாள், யாரோ அவளிடம் வழி கேட்ட மாதிரி. சங்கரலிங்கம் மூச்சு விடாமல், “மேற்படி இடத்திலுள்ள கட்டடம், தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, மாவடை மரவடை சகலமும் அடங்கும்” என்று படித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“மரவடைன்னா கறிவேப்பிலையும் சேத்தியா?” என்று கேட்டாள். குழாயடியில் அவள் வைத்த கறிவேப்பிலை. மூன்று கன்று பட்டுப்போய் நாலாவதாகப் பிடித்தது. அது தளிர்விட்ட அன்றைக்கு ஒரு இலையை எனக்குக் கடைக்கே போட்டோ எடுத்து அனுப்பினாள். புளியங்குடி அண்ணாச்சி பதறிப்போய், “என்னம்மா இது, நீங்க எப்போ வேணும்னாலும் வந்து பறிச்சிக்கிடுங்க” என்றார். கோமதி அவரைப் பார்க்கவில்லை, சங்கரலிங்கத்தைத்தான் பார்த்தாள். அவள் கேட்டது சட்டம். அவரும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, மறைக்காமல் சொன்னார்: “வேர் விட்டது அத்தனையும் பத்திரத்தோட போயிரும் தாயி. ரெண்டு கொத்து கேட்டு வாங்குறது பொம்பளைகளுக்குள்ள உள்ள பேச்சு. அதுக்குப் பத்திரம் கிடையாது.”

வண்டி போன வழி

புது வாடகை வீடு ஊருக்கு நடுவே, பவர்லூம் தறிகள் ஓடுகிற சந்தில் மாடி. காலை முதல் இரவு வரை தறிச் சத்தம். கரண்ட் போனால் மட்டும் தெரு முழுவதும் அமைதியாகிவிடும். அப்போது கோமதி பேச ஆரம்பிப்பாள். அடுப்படியில் ஜன்னல் இருக்கிறது, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ரயில் போவது கேட்காது. விளக்கை எப்போது ஏற்றுவது என்று முதல் வாரம் முழுவதும் தடுமாறினாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஏற்றப் பழகிக்கொண்டாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த நேரத்துக்குக் கீழே இறங்கிப் போய்விடுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் கடையைப் பூட்டினேன். மனசெல்லாம் ஒரு கட்சிக்காரரின் நோட்டீஸில் இருந்தது. வண்டி அதுபாட்டுக்கு ராஜபாளையம் சாலையில் போய், புது நகரில் திரும்பி, கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. இறங்கி, கேட் கொக்கியைத் தூக்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டும் ஆயிற்று. வாசலில் புதிதாக ஒரு நீலக் கோலம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பை அவசரமாக மாட்டுவதற்குள் கதவு திறந்துவிட்டது. அண்ணாச்சியின் மனைவி. என்ன சொல்வது என்று தெரியாமல், “தபால் ஏதும் வந்துதா?” என்று கேட்டேன். எனக்கு யாரும் தபால் போடுவதில்லை. அந்தம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “வெக்கப்படாதீங்க அண்ணாச்சி. ஒங்க வீட்டம்மாவும் போன வாரம் இந்த கேட் வரைக்கும் வந்தாங்க. நான் கதவைத் திறக்கதுக்குள்ள திரும்பிட்டாங்க.”

இதர வருமானம்

ஆடி வந்தது. ஊரில் தபசுக் கூட்டம், என் கடையில் ரிட்டர்ன் கூட்டம். ஊராருடையதையெல்லாம் முடித்துவிட்டு, என்னுடையதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் லேப்டாப்பை வைத்துப் போட உட்கார்ந்தேன். கோமதி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வருடா வருடம் கழித்த தொகையை எல்லாம் கூட்டினேன். அதைத் திருப்பிச் சேர்க்கவென்று தனியாக ஒரு கட்டம் அதில் கிடையாது. ‘இதர வருமானம்’ என்று இருக்கிற இடத்தில்தான் நுழைக்க வேண்டும். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறேன். எனக்குப் போடும்போது விரல் ஓடவில்லை. “என்னத்தைத் தேடுதீய?” என்றாள். சொன்னேன். “வீடு போனதுக்குப் பேரு வருமானமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வெங்காயம் உரிக்கும்போது ஒரு பெண் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தால் எதற்கென்று கேட்க முடியாது.

அந்த நேரத்தில் மாடிப்படியில் ஆள் ஏறி வருகிற சத்தம். புளியங்குடி அண்ணாச்சி, கையில் ஒரு பை எலுமிச்சையும் இனிப்புப் பெட்டியும். பேரன் பிறந்திருக்கிறான். மருமகள் தாய் வீட்டில் இருக்கிறாள், ஆடி கழியட்டும், ஆவணியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அவர் சொல்லச் சொல்ல கோமதியின் முகம் மலர்ந்துவிட்டது. “மலைப் பக்கம் இருக்க ரூம்புலேயே தொட்டில் கட்டுங்க அண்ணாச்சி, அங்கனதான் காத்து வரும். சாயங்காலம் ரயில் கூவும்போது பிள்ளை திடுக்குன்னு முழிக்கும், ரெண்டு நாள்ல பழகிரும்” என்று ஒன்றொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த வீட்டைப் பற்றி அவள் அவ்வளவு பேசி நான் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

எழுந்திருக்கும் முன் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து லேப்டாப் பக்கத்தில் வைத்தார். “நான் சொன்ன வார்த்தை அண்ணாச்சி, அந்த வரிக்கு உள்ளது. கூடக்குறைய இருந்தாச் சொல்லுங்க” என்றார். வாக்குத் தவறாத மனிதர். வாடகை வீடு, மகள் படிப்பு, குறைந்துபோன கட்சிக்காரர்கள் எல்லாம் ஒரு நொடியில் என் கண் முன்னால் வந்துபோக, என் கை கவரை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அதற்குள் கோமதியின் கை அதன் மேல் இருந்தது. வெங்காயத் தோல் ஒட்டிய அந்தக் கையாலேயே கவரை எடுத்து, எலுமிச்சைப் பைக்குள் வைத்து, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. “ஏன் தாயி, பேசுன பேச்சுதானே? என்னாலதானே ஒங்களுக்கு இந்தத் தெண்டம்?” என்றார். நானும், “கோமதி, அவரு முறையாத்தானே தாராரு?” என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் ஒன்றும் இல்லை. கறிவேப்பிலைக்குச் சட்டம் கேட்ட அதே குரலில், ஆனால் இந்தத் தடவை கேட்காமல், சொன்னாள்:

“தையிலேருந்து உள்ளதெல்லாம் ஒங்க கணக்கு அண்ணாச்சி, நல்லா இருங்க. இந்த வரி, நாங்க அந்த வீட்டுல இருந்த வருசத்துக்கு உள்ளது. அதுல வேற ஆளு பணம் விழக் கூடாது. அதை நாங்கதான் கட்டுவோம்.”

இத்தனை வருடத் தொழிலில் வரி கட்டாமல் தப்பிக்க வழி கேட்டு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். என் வரியை நான்தான் கட்டுவேன், யாருக்கும் விட்டுத் தர மாட்டேன் என்று சண்டைக்கு நின்ற ஒரே ஆளுக்கு வாழ்நாள் முழுவதும் நான் இலவசமாகத்தான் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கிறது.